நாலாவது சிலிண்டரில் நின்றுபோன மிஸ்: இன்ஜெக்டர் மாற்றிய லாரி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

சங்ககிரி பக்கம் ஒற்றை வண்டி வைத்து ஓட்டுகிற ஓனர் ஒருவரின் பத்துச் சக்கர லாரி. 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர், காமன் ரயில் கம்மின்ஸ் என்ஜின். காமன் ரயில் என்றால், பம்ப் தள்ளும் டீசல் 'ரயில்' என்ற ஒரே கனமான குழாயில் அதிக பிரஷரில் நின்று, அங்கிருந்து எல்லாச் சிலிண்டருக்கும் பிரிந்து போகும். நிறைய ஓடிய வண்டி. காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுத்தது, புகை தள்ளியது, மைலேஜும் குறைந்தது. அதனால் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் ஆறு இன்ஜெக்டரையும் கழற்றி, டீசல் பம்ப்பும் இன்ஜெக்டரும் பழுதுபார்க்கும் ஒரு பம்ப் கடையில் ரீகண்டிஷன் செய்து வாங்கி, கழற்றிய பட்டறையிலேயே திரும்ப மாட்டியிருக்கிறார்கள்.

மாட்டிய அன்றே வேறு தொல்லை ஆரம்பித்துவிட்டது. ஐடிலில் கேபின் ஆடுகிறது, ஒரு சிலிண்டர் எரியாமல் மிஸ் அடிக்கிறது. சூடாக இருக்கும்போது அணைத்தால், மறுபடி ஸ்டார்ட் ஆக வெகுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. லோடோடு தொப்பூர் மேட்டில் ஏறினால் இழுவையே இல்லை. செக் என்ஜின் விளக்கும் எரிகிறது.

எங்கள் பட்டறைக்கு வந்தபோது ஆளுக்கொரு தீர்ப்பு சொல்லியிருந்தார்கள். பம்ப் கடைக்காரர் டெஸ்ட் பெஞ்சில் ஆறும் சரியாக இருந்ததாக ரிப்போர்ட் கொடுத்திருந்தார். மாட்டிய மெக்கானிக் முதலில் இன்ஜெக்டர்தான் கோளாறு என்றார். அப்புறம் நாலாவது இன்ஜெக்டரை இரண்டாவதிலும், இரண்டாவதை நாலாவதிலும் மாற்றிப் போட்டுப் பார்த்தார். மிஸ் நாலாவதிலேயே நின்றது. உடனே தீர்ப்பு மாறியது: வால்வோ கம்ப்ரஷனோ போயிருக்கிறது, சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டை இறக்க வேண்டும்.

"ஹெட்டை இறக்கினா செலவு எங்க போய் நிக்கும்னே தெரியலைங்கண்ணே. மாசத் தவணை வேற இருக்குது. நீங்க ஒரு வாட்டி பாத்துச் சொல்லிப்போடுங்க, அப்புறம் இறக்கிக்கலாம்" என்றார் ஓனர்.

மாற்றிப் போட்டுப் பார்ப்பது நல்ல சோதனைதான். நானும் செய்வேன். ஆனால் அதன் பதிலை எதுவரை நம்பலாம் என்பதில்தான் இந்த வண்டி தடுக்கி நின்றது. கோளாறு இன்ஜெக்டரோடு கூடவே போனால் இன்ஜெக்டர் கெட்டது. கூடப் போகவில்லை என்றால், இன்ஜெக்டர் குற்றவாளி இல்லை என்பது மட்டும்தான் தெரிகிறது. குற்றவாளி யார் என்று அந்தச் சோதனை சொல்வதில்லை. இன்ஜெக்டரை வெளியே எடுத்த பிறகும் அந்தக் குழியோடு தங்கிவிடுகிற பொருள்கள் பல: ரயிலிலிருந்து வரும் ஹை பிரஷர் பைப், ஹெட்டுக்குள் பக்கவாட்டில் நுழைகிற கனெக்டர் டியூப், கரண்ட் ஒயர், அடியில் இருக்கும் செம்பு வாஷர். வால்வும் ரிங்கும் இவற்றுக்கெல்லாம் பிறகுதான். நேரே ஹெட்டுக்குத் தாவியது இடையில் இருந்த நான்கையும் பார்க்காமல் தாண்டிய கதை.

முதலில் காதால் கேட்டோம். இந்த என்ஜின் ஐடிலில் 700 ஆர்.பி.எம். ஓடினால் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 350 முறை எரிய வேண்டும், அதாவது நொடிக்கு ஏறக்குறைய ஆறு முறை. ஒரே சிலிண்டர் எரியாமல் விட்டால் ஆட்டமும் அதே தாளத்தில் ஒழுங்காக வரும். டீசலில் காற்று கலந்திருந்தால் தாளம் இருக்காது. நின்று நின்று, தாறுமாறாக அடிக்கும். இங்கே ஆட்டம் கடிகாரம் மாதிரி ஒரே சீர். இருந்தாலும் ஃபில்டருக்கு முன்னால் கண்ணாடி ஹோஸ் ஒன்றை இணைத்துப் பார்த்தோம். குமிழி எதுவும் வரவில்லை. ஏர் லாக் கணக்கிலிருந்து போனது.

ஸ்கேனரில் பதிவாகியிருந்த கோளாறு எண் எஸ்.பி.என். 157, எஃப்.எம்.ஐ. 18. ரயில் பிரஷர் கேட்ட அளவுக்கு எழவில்லை என்று அர்த்தம். நான் உட்கார்ந்து யோசித்தது இந்த இடத்தில்தான். வால்வு எரிந்திருந்தாலோ கம்ப்ரஷன் போயிருந்தாலோ மிஸ் அடிக்கும், சரி. ஆனால் அதற்காக ரயில் பிரஷர் ஏன் இறங்க வேண்டும்? மிஸ்ஸும் பிரஷர் குறைவும் ஒரே நாளில் வந்திருக்கின்றன. இரண்டுக்கும் காரணம் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு மேலே போனோம்.

சிலிண்டர் கட்-அவுட் சோதனையில் ஒவ்வொன்றாக அணைத்தபோது ஐந்து சிலிண்டர்களுக்கு என்ஜின் தளர்ந்தது. நாலாவதை அணைத்தபோது கிட்டத்தட்ட மாற்றமே இல்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்தபோதும் நாலாவது போர்ட் மற்றவற்றைவிட நன்றாகக் குளிர்ந்தே இருந்தது. மாட்டிய மெக்கானிக் சிலிண்டரைச் சரியாகவே பிடித்திருந்தார்.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய இன்லைன் பம்ப் வண்டிகளில் மிஸ் அடிக்கும் சிலிண்டரைக் கண்டுபிடிக்க, என்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு நாசில் பைப் நட்டையும் லேசாகத் தளர்த்திப் பார்ப்பது வழக்கம். பெரிய மேஸ்திரிகள் எல்லாருமே அப்படித்தான் கற்றார்கள், நமக்கும் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். காமன் ரயிலில் அதைச் செய்யவே கூடாது. இந்த என்ஜினின் ரயிலில் பிரஷர் 1600 பார் வரை போகும். ஐடிலிலேயே பல நூறு பார் நிற்கும். தளர்ந்த நட்டிலிருந்து மயிரிழை மாதிரி வெளிவருகிற டீசல் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே சதை செத்துக்கொண்டிருக்கும். கட்டுப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படிப் பட்டால் அடுத்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போய், ஹை பிரஷர் டீசல் உள்ளே போயிருக்கிறது என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கசிவைத் தேடுவதற்குக்கூட விரலை ஓட்டாதீர்கள், அட்டையை நீட்டிப் பாருங்கள். பட்டறையில் வேலை கற்கும் பையன்களுக்கு ஸ்பேனர் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கும் முன்னாலேயே இதைச் சொல்லிவிடுகிறோம்.

அடுத்தது ஒயர். இந்த என்ஜினில் இன்ஜெக்டரின் தலையில் இரண்டு சின்ன நட்டுகள் கரண்ட் ஒயரைப் பிடித்திருக்கும். அவற்றுக்கு 1.25 நியூட்டன் மீட்டர்தான் டார்க், அதாவது இறுக்கும் அளவு. கைப்பழக்கத்தில் இறுக்கினால் ஸ்டட் முறிந்துவிடும். ஆறு இன்ஜெக்டரின் ரெசிஸ்டன்ஸும் ஒரு ஓமுக்குக் கீழே, ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லாமல் இருந்தன. கரண்ட் கிளாம்ப் போட்டு, கரண்ட்டை அலையாகத் திரையில் காட்டும் ஸ்கோப்பில் பார்த்தபோதும் நாலாவதற்குப் போகும் அலை மற்றவற்றைப் போலவே இருந்தது. ஆக, திறக்கச் சொல்லி உத்தரவு ஒழுங்காகப் போகிறது.

கம்ப்ரஷனுக்காக எதையும் கழற்றவில்லை. இன்ஜெக்ஷனை நிறுத்திவிட்டு செல்ஃப் அடித்து, செல்ஃப் மோட்டார் இழுக்கும் கரண்ட்டை ஸ்கோப்பில் பார்த்தோம். ஒவ்வொரு பிஸ்டனும் காற்றை அழுத்தும்போது கரண்ட் ஒரு மேடு ஏறி இறங்கும். கம்ப்ரஷன் குறைந்த சிலிண்டரின் மேடு குட்டையாக இருக்கும். ஆறு மேடும் ஒரே உயரம். ஹெட்டை இறக்கும் பேச்சு அத்தோடு முடிந்தது. பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஓனருக்கு ஒவ்வொரு மேட்டையும் விரல் வைத்துக் காட்டினேன்.

வால்வுகளை மூடியிருக்கும் டாப்பெட் கவரை எப்படியும் திறக்க வேண்டியிருந்ததால் வால்வு பக்கத்தையும் பார்த்துவிட்டோம். இந்த என்ஜினில் இன்ஜெக்டரைத் தூக்க எக்ஸாஸ்ட் ராக்கரைக் கழற்ற வேண்டும். திரும்பப் போடும்போது இரண்டு வால்வையும் சேர்த்து அழுத்துகிற பிரிட்ஜ் கோணலாக உட்கார்ந்துவிடுவதும், புஷ் ராட் கிண்ணத்தை விட்டு விலகுவதும் நடப்பதுண்டு. இங்கே அப்படி எதுவும் இல்லை. வால்வு இடைவெளியான கிளியரன்ஸும் இன்லெட் 0.25, எக்ஸாஸ்ட் 0.50 மில்லிமீட்டருக்குப் பக்கத்திலேயே இருந்தது. அந்த வேலையை மெக்கானிக் சுத்தமாகச் செய்திருந்தார்.

மீதி இருப்பது பிரஷர் கதை. கேட்ட பிரஷர் எழவில்லை என்றால் ஒன்று, பம்ப் கொடுக்கவில்லை. இல்லையென்றால், கொடுத்தது எங்கேயோ ஓடிவிடுகிறது. வெளியே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. அப்படியானால் ஓடுவது ரிட்டர்னுக்குத்தான், அதாவது மிஞ்சிய டீசல் டேங்குக்குத் திரும்பும் வழிக்கு.

சின்ன வண்டிகளில் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனியாக ரிட்டர்ன் குழாய் இருக்கும். ஆறு பாட்டிலை வைத்து எது அதிகம் விடுகிறது என்று பார்த்துவிடலாம். இந்த கம்மின்ஸில் அந்த வசதி கிடையாது. ஆறின் ரிட்டர்னும் ஹெட்டுக்குள் இருக்கும் ஒரே வழியில் கலந்து, ஹெட்டின் பின்னால் ஒரே இடத்தில்தான் வெளியே வருகிறது. மொத்தம் எவ்வளவு வருகிறது என்று அளக்கலாம். எந்தச் சிலிண்டரிலிருந்து வருகிறது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு ரயிலின் வாயை ஒவ்வொன்றாக மூடிப் பார்க்க வேண்டும்.

என்ஜினை நன்றாகச் சூடாக்கி, அணைத்து, ரயில் பிரஷர் முழுசாக இறங்கியதை ஸ்கேனரில் பார்த்த பிறகு ரிட்டர்ன் குழாயைப் பிடித்திருக்கும் பாஞ்சோ போல்ட்டைக் கழற்றி ஹோஸைப் பாட்டிலில் விட்டோம். செல்ஃப் அடித்தபோது ரிட்டர்ன் சொட்டவில்லை, ஒழுகவே செய்தது. முதல் சிலிண்டரின் பைப்பைக் கழற்றி ரயிலின் அந்த வாயில் அடைப்பு மூடி போட்டோம். பெரிய மாற்றம் இல்லை. மூடியை நாலாவதுக்கு மாற்றினோம். ரிட்டர்ன் சொட்டுச் சொட்டாக இறங்கியது, ரயில் பிரஷர் சட்டென்று ஏறியது, சூடான என்ஜின் தொட்டவுடன் ஸ்டார்ட் ஆனது. ஐந்து சிலிண்டரில்தான் ஓடியது, ஆனாலும் கேட்ட பிரஷரும் கிடைத்த பிரஷரும் ஸ்கேனரில் ஒட்டியே போயின. பம்ப் நல்ல பம்ப்.

சூட்டில் மட்டும் ஸ்டார்ட் ஆக ஏன் முரண்டு பிடித்தது என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ரயில் பிரஷர் ஒரு குறைந்தபட்ச அளவைத் தொடாமல் என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இ.சி.எம். இன்ஜெக்டரைத் திறக்கச் சொல்லாது. குளிர்ந்த டீசல் கொஞ்சம் கனமாக இருப்பதால் கசிவு குறைவு. சூடானதும் டீசல் நீர்த்துப்போய்க் கசிவு கூடுகிறது. செல்ஃப் சுற்றும் வேகத்தில் பம்ப் தள்ளுகிற கொஞ்ச டீசலையும் கசிவே தின்றுவிடுகிறது.

இப்போது நாலாவது குழியில் உட்கார்ந்திருப்பது முன்பு இரண்டாவதில் நன்றாக ஓடிய இன்ஜெக்டர். இங்கிருந்து இரண்டாவதுக்குப் போனது அங்கே ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது. எனவே கசிவது இன்ஜெக்டர் இல்லை. ரயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில், வெளியே தெரியாத இடம் ஒன்றுதான்: கனெக்டர் டியூபின் முனை இன்ஜெக்டரின் பக்கவாட்டுக் குழியில் போய் உட்காருகிற சீட். அங்கே ரப்பரோ வாஷரோ கிடையாது. இரும்பும் இரும்பும் முழு வட்டமாக அழுந்தி நிற்பதால்தான் அத்தனை பிரஷரும் தாங்குகிறது. அந்தச் சீட் சரியாக உட்காராவிட்டால் டீசல் நேராக ஹெட்டின் ரிட்டர்ன் வழியில் கலந்துவிடும்.

கனெக்டரை உருவி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தோம். நல்ல கனெக்டரின் முனையில் சுற்றிலும் ஒரே அகலத்தில் மெல்லிய பளபளப்பு வளையம் இருக்கும். இதில் வளையம் இல்லை. முனையின் கீழ்ப்பக்கத்தில் மட்டும் பிறை வடிவில் ஆழமாகப் பதிந்திருந்தது, மேல்பக்கம் தொட்ட தடமே இல்லை. அதாவது, இன்ஜெக்டரின் குழி கனெக்டருக்கு நேராக இல்லை, கொஞ்சம் உயரத்தில் நிற்கிறது.

இன்ஜெக்டரைத் தூக்கினோம். அடியில் ஒரு செம்பு வாஷர், புதுசு, ஒழுங்காகவே இருந்தது. குழிக்குள் டார்ச் அடித்தால் அடியில் கரி படிந்த கறுப்பு வளையம். அவசரமாகப் பார்க்கிற யாருக்கும் அது ஹெட்டின் சீட்டாகத்தான் தெரியும். வளைத்த கம்பியால் ஓரத்தைச் சுரண்டினேன். ஹெட் வார்ப்பிரும்பு, சுரண்டினால் சாம்பல் நிறம் தெரிய வேண்டும். தெரிந்தது செம்பு.

பழைய வாஷர் குழியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அதன் மேல் புது வாஷரோடு இன்ஜெக்டர் இறங்கியிருக்கிறது. ஒரு வாஷரின் கனம், ஒன்றரை மில்லிமீட்டர், இன்ஜெக்டர் மேலே தூக்கி நிற்கிறது. இன்ஜெக்டரை மாற்றிப் போட்டபோதும் மேல் வாஷர்தான் இன்ஜெக்டரோடு வெளியே வந்தது; கீழ் வாஷர் அங்கேயே இருந்து, அடுத்து வந்த இன்ஜெக்டரையும் அதே உயரத்துக்குத் தூக்கிவிட்டது. மிஸ் நாலாவதிலேயே நின்றதற்குக் காரணம் இவ்வளவுதான்.

அந்த ஒன்றரை மில்லிமீட்டர் இரண்டு விதமாகக் கெடுத்திருக்கிறது. கனெக்டர் சீட் ஒருபக்கமாக உட்கார்ந்ததால் பிரஷர் ரிட்டர்னில் ஓடி, ரயில் முழுவதும் இளைத்தது, நாலாவதுக்கு இன்னும் மோசமாகக் கிடைத்தது. கூடவே நாசில் முனையும் உள்ளே இழுத்துக்கொண்டதால், பிஸ்டன் தலையின் கிண்ணத்துக்குள் விழ வேண்டிய ஸ்பிரே மேலே தள்ளி விழுந்தது. போன கொஞ்ச டீசலும் சரியாக எரியாமல் புகையானது அதனால்தான்.

ஒட்டிய வாஷரை எடுக்கும்போது கரியோ செம்புத் தூளோ சிலிண்டருக்குள் விழக் கூடாது. கூம்பான ஸ்க்ரூ எக்ஸ்ட்ராக்டரில் கிரீஸ் தடவி, வாஷரின் துளையில் கையாலேயே மெதுவாகத் திருகிப் பிடித்து நேராக மேலே தூக்கினோம். சுத்தியல் வேலையே கூடாது, சீட்டில் கோடு விழுந்தால் அப்புறம் அடியில் காஸ் கசியும். நைலான் பிரஷ்ஷால் சீட்டைத் துடைத்து, வாக்குவம் வைத்து உறிஞ்சி, குழி வாயில் துணி போட்டு, இன்ஜெக்ஷன் நிறுத்திய நிலையில் ஒரு சுற்று செல்ஃப் அடித்து மிச்சத்தையும் வெளியே தள்ளினோம். மறுபடி டார்ச் அடித்தபோது சாம்பல் நிறச் சீட் முழு வட்டமாகத் தெரிந்தது. மற்ற ஐந்து குழிகளிலும் இதே சோதனையைச் செய்தோம். அவற்றில் ஒட்டியது எதுவும் இல்லை.

மாட்டும் வரிசை இந்த என்ஜினில் ரொம்ப முக்கியம், பலரும் தவறவிடுவது இதைத்தான். ஓ-ரிங்கில் சுத்தமான ஆயில் தடவி, ஒற்றை வாஷரோடு இன்ஜெக்டரை இறக்கி, அதன் குழி கனெக்டர் வரும் பக்கம் பார்த்திருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். இன்ஜெக்டரை அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட் இரண்டையும் மாற்றி மாற்றி 5 நியூட்டன் மீட்டர் இறுக்கினால் இன்ஜெக்டர் அடியில் போய் உட்காரும். உட்கார்ந்ததும் போல்ட்டுகளைத் தளர்த்திவிட வேண்டும். அப்புறம் கனெக்டரைக் காடியில் பொருந்தும்படி நுழைத்து, நட்டை 15 வரை மட்டும் இறுக்க வேண்டும். இப்போது கனெக்டர் முனை இன்ஜெக்டரைத் தனக்கு நேராகத் திருப்பிக்கொள்ளும். அதன் பிறகுதான் கிளாம்ப் போல்ட்டுகளுக்கு முழு டார்க், 10. கடைசியாக கனெக்டர் நட்டுக்கு 50. கிளாம்பை முதலிலேயே முழுசாக இறுக்கிவிட்டால் இன்ஜெக்டர் அசையாது, கனெக்டர் கோணலாகவே அழுந்திக்கொள்ளும். வாஷர் ஒன்றே இருந்தாலும் இதே மாதிரிக் கசிவு வந்துவிடும். இந்த எண்கள் இந்த 5.9 என்ஜினுக்கு உரியவை. வேறு என்ஜினுக்கு அதன் மேனுவலைத்தான் பார்க்க வேண்டும்.

கனெக்டர் விஷயத்தில் ஓனரோடு கொஞ்சம் பேச வேண்டியிருந்தது. நாலாவதை மட்டும் மாற்றினால் போதாதா என்றார். மற்ற ஐந்தையும் மேஜையில் வரிசையாக வைத்துக் காட்டினேன். இரண்டில் வளையம் ஒருபக்கம் அகலமாகத் தேய்ந்திருந்தது. ரீகண்டிஷன் ஆன இன்ஜெக்டரின் சீட்டில், பழைய இன்ஜெக்டருக்குப் பழகித் தேய்ந்த முனை முழு வட்டமாக அழுந்தும் என்று நம்ப முடியாது. இன்ஜெக்டருக்கு இவ்வளவு செலவு செய்துவிட்டு இதில் மிச்சம் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆறையும் மாற்றச் சம்மதித்தார். டீசல் டேங்கையும் வடித்தோம். அடியில் தண்ணீர் இருந்தது. முதலில் இன்ஜெக்டர் தேய்ந்ததற்கே அதுதான் காரணமாக இருக்க வேண்டும். நீரைப் பிரிக்கிற ஃபில்டரையும் புதுசாகப் போட்டாயிற்று.

ஸ்டார்ட் செய்தபோது ரயிலில் காற்று வெளியேறும் வரை சிறிது திணறியது, அப்புறம் ஆட்டம் இல்லாமல் நின்றது. கட்-அவுட் சோதனையில் ஆறு சிலிண்டரும் ஒரே மாதிரி பங்கு கொடுத்தன. சூட்டில் அணைத்துத் திரும்ப ஸ்டார்ட் செய்ததில் தயக்கம் இல்லை. லோடோடு டிரைவர் தம்பி தொப்பூர் மேட்டில் ஏற்ற, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டே போனேன். முழு ஆக்சிலரேட்டரிலும் கிடைத்த பிரஷர் கேட்ட பிரஷரை விட்டு விலகவில்லை, 157 என்ற கோளாறு எண் திரும்ப வரவில்லை. கரும்புகையும் போயிருந்தது. என்ஜின் ஆயில் மட்டம் ஏறியிருக்கிறதா, டீசல் வாடை அடிக்கிறதா என்று தொடக்கத்திலேயே பார்த்திருந்தோம். இரண்டும் இல்லாததால் ஆயிலை மாற்றவில்லை.

ஒன்றன் மேல் ஒன்றாக இருந்த அந்த இரண்டு வாஷரையும் படம் எடுத்து பம்ப் கடைக்காரருக்கும், மாட்டிய மெக்கானிக்குக்கும் அனுப்பினேன். இன்ஜெக்டர்கள் மேல் எந்தக் குறையும் இல்லை என்பது பம்ப் கடைக்காரருக்குத் தெரிய வேண்டும். மெக்கானிக் உடனே போன் செய்தார். "கழட்டறப்ப அஞ்சு வாஷர்தாங்க கைக்கு வந்துச்சு. இன்னொண்ணு கீழ எங்கியோ உருண்டு போயிருக்கும்னு விட்டுட்டேன்" என்றார். அப்புறம் கிளாம்புக்கும் கனெக்டருக்கும் எதை முதலில் இறுக்குவது என்று கேட்டார். வரிசையையும் டார்க் அளவையும் தாளில் எழுதி, அதையும் படம் எடுத்து அனுப்பிவைத்தேன்.